லாரி ஓட்டியது போதும்; செங்கோட்டைப் பக்கம் கேரவன் பார்க் போட்டால் ஓடுமா?

பன்னிரண்டு சக்கரம், ஆலங்குளம்:

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். பன்னிரண்டு சக்கர லாரி ஓட்டுகிறேன். வண்டி ஓனருடையது, ஸ்டீயரிங் மட்டும்தான் என் கையில். தாழையூத்தில் சிமெண்ட் ஏற்றினால் கொட்டாரக்கரை, கொல்லம். தூத்துக்குடி துறைமுகத்தில் மரத்தடி ஏற்றினால் பிரானூர் பார்டர் மர மில்கள். ரிட்டர்ன் லோடு கிடைக்காத நாளில் புனலூரில் வண்டியைப் போட்டுவிட்டு புரோக்கர் போனுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். எம்ப்டியாகத் திரும்பினால் டீசல் கணக்கு பார்க்கும்போது ஓனர் முகம் மாறிவிடும். லோடோடு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது. ஆரியங்காவு ஏற்றத்தில் அதுவும் கிடையாது.

என் நாள் எப்படிப் போகும் என்று கேட்டால், பாதி நாள் நிற்பதிலேயே போய்விடும். லோடிங் கேட்டில் டோக்கன், எடை மேடையில் வரிசை, பில் வர தாமதம். லோடு ஏறியதும் தார்ப்பாய் கட்ட வேண்டும். கிளீனர் வைத்து ஓட்டிய காலம் போய்விட்டது, நானே மேலே ஏறி விரித்து, நானே கீழே இறங்கிக் கயிறு இழுக்க வேண்டும். அப்புறம் ஒரு இரும்புக் கம்பியால் டயரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். காற்று சரியாக இருந்தால் டங் என்று கம்பி துள்ளும். இறங்கியிருந்தால் பொத் என்று கையிலேயே நின்றுவிடும். ஜோடி டயரில் உள்பக்கம் இறங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். தென்காசி தாண்டிப் புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல். இறக்கத்தில் இரண்டாவது கியரை விட்டு மாறக் கூடாது. பிரேக் டிரம் சூடேறிக் கருகல் வாடை வந்தால் ஓரம் கட்டிவிட வேண்டும். வயது நாற்பத்தேழு. முதுகு கேட்க மாட்டேன் என்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரிக்கு அவள் அப்பா வழியில் வந்த புஞ்சை ஒரு ஏக்கர் இருபது சென்ட், செங்கோட்டைக்குக் கிழக்கே, மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளே கிடக்கிறது. கிணறு உண்டு. புளியமரமும் பனையும் நிற்கின்றன. போன சாரல் சீசனில் புளியரையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கர்நாடகப் பதிவெண்ணோடு ஒரு கேரவன், படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டின வண்டி, வந்து நின்றது. புருஷன், பொண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். ராத்திரி நிறுத்த இடம், பிளக் போட கரண்ட், கழிவுத் தொட்டியைக் காலி செய்ய ஒரு வழி, இந்த மூன்றும் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். பெட்ரோல் பங்கில் நிறுத்த விட்டார்கள். மற்ற இரண்டுக்கும் கையை விரித்துவிட்டார்கள். அப்போதிருந்து எனக்கு இதே யோசனைதான். குற்றாலம் பக்கத்தில். பண்பொழி திருமலைக்கோவில், தென்மலை, அச்சன்கோவில் எல்லாம் கிட்டத்தில். வண்டியோடு வருகிறவர்களுக்கு ஒரு தோப்பு, கரண்ட், தண்ணீர், கழிப்பறை. இது ஓடுமா, அல்லது நான் மட்டும் கனவு காண்கிறேனா? ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள்.

வள்ளியூர் காற்று:

தம்பி, ஒளிவுமறைவில்லாமல் கேட்டதால் சொல்கிறேன், கோபப்படக் கூடாது. நம்ம ஊரில் கேரவன் என்றால் சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் ஏசி போட்டு உட்காரும் வண்டி. அதில் குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். நீங்கள் பார்த்தது ஒரு வண்டி. அதை நம்பி ஒரு ஏக்கரில் முதல் போட்டால், சீசன் முடிந்ததும் ஆடு மேய்க்கத்தான் அந்த இடம் ஆகும்.

நாலுவழிச் சாலையை ஒட்டி நாங்குநேரி, பணகுடி, காவல்கிணறு பக்கம் ஒரு நல்ல ஓட்டல் போட்டால் கன்னியாகுமரி போகிற கூட்டமே போதும். மாற்றி யோசியுங்கள்.

புனலூர் கடைக்காரன்:

கேரளத்தில் இதற்கென்றே 2021ல் 'கேரவன் கேரளா' என்று அரசு கொள்கை கொண்டுவந்தார்கள். 2022 தொடக்கத்தில் வாகமனில் முதல் பார்க் வந்தது. குறைந்தது 50 சென்ட் நிலம், ஐந்து வண்டி நிறுத்த வசதி இருந்தாலே பார்க் என்று ஏற்றுக்கொள்கிற மாதிரி விதி. அந்தக் கணக்கில் உங்கள் நிலம் தாராளம்.

ஆனால் நான் கடை வைத்திருப்பது கொல்லம் திருமங்கலம் சாலையில், 744ஆம் நம்பர் ஹைவேயில். கல்லாவில் உட்கார்ந்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எம்சாண்ட் லாரியும் காய்கறி வண்டியும் வரிசையாகப் போகும். கேரவன் போனால் பையன்கள் வெளியே ஓடிவந்து வேடிக்கை பார்ப்பார்கள். நிலைமை அவ்வளவுதான். அரசு பேசின வேகத்துக்கு வண்டி வரவில்லை.

கடையம் அக்கா:

இவ்வளவு எழுதினீங்களே, வீட்டில் கேட்டீங்களா? நிலம் அவங்க பேரில். நீங்க லோடு ஏற்றிப் போய்விட்டால் ராத்திரி பத்து மணிக்கு வண்டி வந்து ஹாரன் அடிச்சா கேட்டைத் திறக்கப் போறது யாரு? கழிப்பறை கழுவப் போறது யாரு? என் வீட்டுக்காரரும் டிரைவர்தான். டீக்கடை போடுறேன்னு கனவு கண்டார். ரெண்டு வருஷம் டீ ஆத்தினது நான்.

பன்னிரண்டு சக்கரம்:

அக்கா, சரியான இடத்தில் கேட்டீர்கள். கேட்டேன். இப்போது அவள் பீடி சுற்றுகிறாள். இலை வெட்டி வெட்டிக் கழுத்து வலி வந்துவிட்டது. "ஒரே இடத்தில் உட்கார்ந்து சுத்துறதுக்கு, நாலு பேரு வந்து போற இடத்தைப் பார்த்துக்கிடலாம்" என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: நான் லாரியை முழுதாக விட்டுவிட்டு வந்தால்தான். பார்க் ஒரு பக்கம், லாரி ஒரு பக்கம் என்றால் ஆள் விட மாட்டாள். கேரவன் குறைவு என்று அண்ணாச்சி சொல்வதையும் மறுக்கவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

டெக்சாஸ் நெல்லைக்காரன்:

நான் மேலப்பாளையத்துக்காரன், இப்போது டெக்சாஸில் பெரிய டிரக் ஓட்டுகிறேன். இங்கே இந்தப் பார்க்குகள் ஊருக்கு ஊர் உண்டு. 1962ல் மொன்டானா மாநிலம் பில்லிங்ஸ் நகரில் ஒரு முகாமாகத் தொடங்கிய கேஓஏ என்கிற நிறுவனம் இன்றைக்கு நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கம்பம். அதில் கரண்ட் பிளக், பக்கத்தில் தண்ணீர்க் குழாய், தரையில் கழிவுநீர்க் குழாய். மூன்றும் இருந்தால் ஒரு வாடகை, கரண்ட் மட்டும் என்றால் குறைந்த வாடகை. கரண்டிலும் 30 ஆம்பியர், 50 ஆம்பியர் என்று இரண்டு அளவு. கழிவுக் குழாய் இல்லாத இடத்தில் நிற்கிற வண்டிகள் கிளம்பும்போது பொதுத் தொட்டிக்குப் போய்க் காலி செய்துவிட்டுப் போகும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். இங்கே நிறையப் பார்க்குகளைத் தாங்கிப் பிடிப்பது சுற்றுலாக்காரர்கள் இல்லை. குழாய் பதிக்கிறவர், காற்றாலை வேலைக்கு வருகிறவர், ஊர் ஊராக மாறி வேலை பார்க்கும் நர்ஸ், இவர்கள் மாதக் கணக்கில் தங்குகிறார்கள். ஆகவே கேரவன் எத்தனை இருக்கிறது என்று எண்ணுவதை விட்டுவிட்டு, உங்கள் பக்கம் வண்டியோடு வந்து ராத்திரி தங்குகிறவர்கள் யார் யார் என்று பாருங்கள்.

இன்னொன்று. தரை மட்டமாக இருக்க வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் தூங்க முடியாது. சில வகை ஃபிரிட்ஜ் வேலையே செய்யாது.

கோவில்பட்டி டாரஸ்:

டெக்சாஸ் அண்ணே, அங்கே ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டலாம்?

டெக்சாஸ் நெல்லைக்காரன்:

வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். அதற்கு முன் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு எடுத்திருக்க வேண்டும். 2017 டிசம்பரிலிருந்து இன்ஜினோடு இணைத்த மின்னணுக் கருவி கணக்கு எழுதுகிறது. மணி முடிந்துவிட்டால் லோடு எவ்வளவு அவசரமானாலும் ஓரம் கட்டியாக வேண்டும்.

கோவில்பட்டி டாரஸ்:

நம்ம சட்டம் அதைவிட இரக்கமுள்ளது தெரியுமா? 1961ல் போட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும்வரை, நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 என்று வைத்திருந்தது. ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. எல்லாம் ஏட்டில்தான். கருவி இல்லை, பார்க்கிற ஆளும் இல்லை. அதற்குப் பதில் சரக்கோடு வைத்திருக்க வேண்டிய இ-வே பில் இருக்கிறது: 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும். முன்பு 100ஆக இருந்தது, 2021 தொடக்கத்தில் 200 ஆக்கினார்கள். பில் காலாவதி ஆகிவிடும் என்று ஓனர் போன் அடித்துக்கொண்டே இருப்பார். தூக்கம் வருகிறது என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்!

2025 அக்டோபரிலிருந்து தயாராகிற லாரிகளில் கேபின் ஏசி கட்டாயம் என்றார்கள். நல்லதுதான். நான் ஓட்டுவது பழைய வண்டி. சாத்தூர் எட்டூர்வட்டம் டோலுக்கும் கயத்தாறு சாலைப்புதூர் டோலுக்கும் நடுவே சித்திரை வெயிலில் இன்ஜின் சூடும் சேர்ந்து காலடியில் வேகும்.

அப்புறம் அந்த எஸ் வளைவு. 2024 பிப்ரவரியில் கேரளாவிலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி அங்கே உருண்டு ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. டிரைவர் இறந்துவிட்டார். பக்கத்தில் குடியிருந்த வயதான புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். நடுராத்திரியில், தூக்கம் அழுத்துகிற நேரத்தில் நடந்தது. பன்னிரண்டு சக்கரம் அண்ணே, நீங்கள் அந்த வளைவுக்கு முன்னாலேயே இடம் வைத்திருக்கிறீர்கள். எங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே?

வள்ளியூர் காற்று:

இது நல்ல கேள்வி. நான் சும்மா வேடிக்கை பார்க்கிறேன்.

பன்னிரண்டு சக்கரம்:

தம்பி, குத்திக் கேட்டுவிட்டாய். ஒளிக்காமல் சொல்கிறேன்: லாரியை விட்டு வெளியே வரத்தான் இந்தக் கனவே. அங்கேயும் போய் டீசல் வாடையும் ஹாரன் சத்தமுமா என்று தோன்றியது. குடும்பத்தோடு வருகிறவர்கள் பக்கத்தில் லாரி நின்றால் தங்குவார்களா? நம்மை இந்த ஊர் எப்படிப் பார்க்கிறது என்று உனக்கும் தெரியும்.

கோவில்பட்டி டாரஸ்:

தெரியும். ஊர் அப்படிப் பார்க்கிறது சரி. நீங்களும் அப்படியா?

முன்னாள் கிராம நிர்வாக அலுவலர், சங்கரன்கோவில்:

யாருக்கு இடம் என்ற சண்டை அப்புறம். இடமே இடமாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

மாமனார் வழியில் வந்தது என்றீர்கள். தனிப்பட்டாவா, கூட்டுப்பட்டாவா? கூட்டுப்பட்டா என்றால் உங்கள் வீட்டம்மாவின் உடன்பிறந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து பாகப்பிரிவினை செய்து, உட்பிரிவு அளந்து, தனிப்பட்டா வாங்கிய பிறகுதான் செங்கல் வாங்க வேண்டும். இன்றைக்குச் சிரித்துப் பேசுகிற மைத்துனர், நாலு வண்டி வந்து நிற்க ஆரம்பித்ததும் வரப்பில் நிற்பார். முப்பது வருஷம் பார்த்த காட்சி இது. வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். பாதை யாருடையது? நில அளவை வரைபடமான புலப்படத்தில் வண்டிப்பாதை என்று இருக்கிறதா, பக்கத்துக்காரர் பட்டாவில் பழக்கத்துக்கு நடக்கிறீர்களா? பழக்கத்துக்கு நடக்கிற பாதையில் கேரவன் போகாது.

அடுத்தது ஹாக்கா, அதாவது மலையிடப் பாதுகாப்புக் குழுமம். தென்காசி, செங்கோட்டை வட்டங்களில் மலையடிவாரக் கிராமங்கள் பல அதன் பட்டியலில் உண்டு. உங்கள் வருவாய்க் கிராமம் அதில் இருந்தால் கட்டடம் எழுப்ப, மண் அள்ள, மரம் வெட்ட எல்லாவற்றுக்கும் தனி அனுமதி. நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கிராமப் பெயரைச் சொன்னால் சொல்லிவிடுவார்கள். விவசாய நிலத்தைத் தொழில் உபயோகத்துக்கு மாற்றுவதும் அங்கேதான். ஊராட்சித் தலைவர் வாயால் சொன்ன அனுமதி எதற்கும் உதவாது.

கடைசியாகத் தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் நம் பக்கம் என்ன நடந்தது என்று மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான ஆட்களோடு மாட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் அந்த வயல்காட்டு ஓடைகளை யாரும் ஓடை என்றே மதிக்கவில்லை. உங்கள் நிலத்துக்கு மேற்கே ஓடை எது, குளத்துக் கலிங்கு எந்தப் பக்கம் பாயும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். கட்டடத்தில் தண்ணீர் ஏறினால் மாடிக்குப் போகலாம், கேரவனுக்கு மாடி கிடையாது.

பன்னிரண்டு சக்கரம்:

ஐயா, கைகூப்பிக் கும்பிடுகிறேன். பட்டா தனிப்பட்டா, அதில் சந்தேகமில்லை. பாதை புலப்படத்தில் உண்டு, பன்னிரண்டடி. ஹாக்கா பற்றி இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.

பாதையைப் பற்றி நான் கொஞ்சம் பேசலாம், அது என் தொழில். பஸ் சேசிஸில் கட்டிய பெரிய கேரவன் பன்னிரண்டு மீட்டர் வரை நீளம் இருக்கும். பன்னிரண்டடிப் பாதையிலிருந்து வாசலுக்குள் திருப்பினால் பின்சக்கரம் உள்ளே வாங்கும், உள்பக்கத் தூணைத் தேய்க்கும். அதைத் தவிர்க்க எதிர்ப்பக்கம் ஒதுங்கினால் முன்மூக்கு அடுத்தவர் வேலியில் போய் இடிக்கும். ஆகவே வாசலில் தூண், வளைவு, போர்டு எதுவும் கிடையாது. வேலியை இருபதடி உள்ளே தள்ளி, மூலையை வெட்டி, அகலமாகத் திறந்து விடுவேன். உள்ளே ஒருவழிப் பாதை: ஒரு பக்கம் நுழைந்து, சாய்வாக நிறுத்தி, காலையில் முன்னோக்கியே வெளியே போய்விடலாம். ரிவர்ஸே கூடாது. வாடகைக்கு வண்டி எடுத்து வருகிறவர்களுக்குப் பெரிய வண்டியை ரிவர்ஸ் எடுத்துப் பழக்கம் இருக்காது, ராத்திரி மழையில் கேட்கவே வேண்டாம். புளியமரக் கிளைகளைப் பதினைந்தடி உயரத்துக்குக் கழித்துவிட வேண்டும். கூரையில் ஏசியும் சோலாரும் இருக்கும். தரைக்கு சிமெண்ட் வேண்டாம், ஜல்லி போட்டு இறுக்கி மேலே கிரஷர் தூள். மழைத் தண்ணீர் வடிந்துவிடும்.

குருசாமி, பாளையங்கோட்டை:

சாமி சரணம். இழையை முழுக்கப் படித்தேன். எல்லாரும் கேரவன் இருக்கா, இல்லையா என்று அடித்துக்கொள்கிறீர்கள். கார்த்திகை ஒண்ணாம் தேதியிலிருந்து மகரஜோதி வரைக்கும் உங்கள் ரோட்டில் போகிறதெல்லாம் என்ன வண்டி? திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், மதுரையிலிருந்து வருகிற வேனும் பஸ்ஸும். மேலே கேரியரில் பாத்திரம், பின்னாடி கேஸ் சிலிண்டர், சீட்டுக்கு நடுவே பாய். குற்றாலத்தில் குளித்து, ரோட்டோரத்தில் பொங்கி, வண்டியிலேயே தூங்கி, ஆரியங்காவு, அச்சன்கோவில், சபரிமலை என்று போகிறோம். எங்கள் குழு வருஷா வருஷம் போகிறது. எங்களுக்கு என்ன கஷ்டம் தெரியுமா? விடியற்காலம் ஐம்பது சாமிமார் குளிக்கவும் வெளிக்கிப் போகவும் சுத்தமான இடம். அடுப்பு மூட்ட ஒரு கூரை. காசு கொடுக்கத் தயார், இடம்தான் இல்லை.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தய்யனார் கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? குடும்பம் குடும்பமாக ஆற்றங்கரையில் குடில் போட்டு நாள்கணக்கில் தங்கிப் பொங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். புலிகள் காப்பகம் என்பதால் கட்டுப்பாடு கூடிவிட்டது. தனியார் வண்டிகளைக் கீழேயே நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில் போகச் சொல்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவில்களுக்குப் போகிற கூட்டமும் அப்படியே வண்டி கட்டிக்கொண்டு வருகிற கூட்டம். கேரவன் என்று பேர் மட்டும்தான் இல்லை.

வள்ளியூர் காற்று:

குருசாமி, நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கே உறைக்கிறது. ஓட்டல் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். அதோடு எங்கள் ஊரில் காற்றாலை பராமரிப்புக்கு வருகிற பையன்களும் ரூம் கிடைக்காமல் அலைகிறார்கள். அது வேறு கதை, வேறு ஊர்.

மூணு பேஸ்:

நான் எலக்ட்ரீசியன், தென்காசி. ஒரு கேரவனில் ஏசி ஓடினால் ஒன்றரை முதல் இரண்டு கிலோவாட் இழுக்கும். கீசரும் போட்டால் இன்னும் இரண்டு. ஐந்து வண்டிக்குக் கணக்குப் பண்ணி, மோட்டாரையும் சேர்த்து மூணு பேஸ் கனெக்‌ஷன் கேளுங்கள். விவசாய இலவச கரண்டில் இருந்து ஒரு வயர் இழுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மாட்டினால் அபராதம், விவசாய கனெக்‌ஷனும் போய்விடும். கட்டணம் வணிக விகிதம்தான்.

ஒவ்வொரு கம்பத்துக்கும் தனி எம்சிபி, தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடும் சுவிட்ச்), நல்ல எர்த். வண்டி முழுக்கத் தகடு. ஈரக் கையோடு கதவைத் தொடுகிற குழந்தைக்கு அந்த ஆர்சிசிபிதான் உயிர். இதில் மட்டும் விலை குறைந்த சாமான் வாங்க வேண்டாம். தனித்தனி சப்மீட்டரும் வைத்துவிடுங்கள், ஏசி போட்டவர் போட்டதுக்குக் கொடுக்கட்டும்.

கடையம் அக்கா:

ஐம்பது சாமிமாரு குளிச்சா ஆளுக்கு ஐம்பது லிட்டர்னு வச்சாலும் ஒரு பஸ்ஸுக்கே 2,500 லிட்டர். ரெண்டு பஸ் வந்தா? கிணறு கோடையில் எப்படி? தண்ணித் தொட்டி 5,000க்குக் குறையாம வேணும். அதைவிட முக்கியம், பொம்பளைங்க கழிப்பறை தனியா, தாழ்ப்பாள் உள்ளது, உள்ளே லைட்டு, துணி மாட்ட ஆணி. ஆணியைச் சிரிக்காதீங்க. குற்றாலத்துலயே ஈரத்துணியைக் கையில பிடிச்சுக்கிட்டு மாத்தின அனுபவம் எல்லாப் பொம்பளைக்கும் இருக்கும். கழிப்பறை நல்லா இருந்தா குடும்பம் வரும். தோப்பு அழகெல்லாம் அப்புறம்.

பணத்துக்கு என்ன வழி?

முன்னாள் கிராம நிர்வாக அலுவலர், சங்கரன்கோவில்:

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். பெண்கள் பெயரில், கிராமப் பகுதியில் என்றால் மானியம் 35 சதவீதம், சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட சேவைத் திட்டத்துக்கு எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் காட்ட முடியாது; சொந்த நிலம் இருப்பதால் உங்களுக்கு அதில் நஷ்டம் இல்லை. மானியம் முதலில் கைக்கு வராது. வங்கி கடன் கொடுத்த பிறகு வைப்பாக நிற்கும். அதனால் மானியத்தை நம்பிக் கைமாற்று வாங்காதீர்கள்.

பன்னிரண்டு சக்கரம்:

வீட்டுக்காரி பத்தாவது. நான் ஏழாவதோடு நின்றவன். ஆக ஓனர் அவள்தான், நான் மறுபடியும் டிரைவர்.

நேற்று ராத்திரி தூத்துக்குடியில் லோடுக்குக் காத்திருந்தபோது ஒரு நோட்டில் படம் போட்டேன். முன்பக்கம், பாதையை ஒட்டி, வேன் பஸ் நிறுத்த நீள இடம், சமையல் கூரை, குளியல், கழிப்பறை. பின்னால் புளியமரத்தடியில் கேரவனுக்கு இரண்டே இடம், கம்பத்தோடு. ஐந்து இடம் எல்லாம் வண்டி வந்தால் அப்புறம். கேரவனின் கழிவுத் தொட்டிக்கு மட்டும் தனிக் குழி, கிணற்றிலிருந்து தூரத்தில், கிழக்கு மூலையில். தண்ணீர் அந்தப் பக்கம்தான் வடிகிறது.

டாரஸ் தம்பிக்குப் பதில் சொல்லாமல் விட்டால் எனக்கே தூக்கம் வராது. ஒரு ஏக்கர் இருபது சென்டில் பன்னிரண்டு சக்கரம், பதினாறு சக்கரம் எல்லாம் உள்ளே வந்து திரும்ப இடம் கிடையாது. அந்தப் பாதையும் லோடு தாங்காது. இதைச் சாக்கு என்று நினைக்காதே, நீயே வந்து பார்க்கலாம். ஆனால் மெயின் ரோட்டு முனையில் அகலமான ஓரம் உண்டு. அங்கே நிறுத்திவிட்டு நடந்து வந்தால் குளிக்கலாம், துணி அலசலாம், மரத்தடியில் ஒரு கட்டிலில் படுக்கலாம். டிரைவருக்கு அரைக் கட்டணம். வண்டியைப் பார்த்துக்கொள்ள முனையில் ஒரு லைட்டும் கேமராவும் போடுவேன். குடித்துவிட்டு வந்தால் மட்டும் இடம் கிடையாது, அது வேனில் வருகிறவருக்கும் சேர்த்துத்தான்.

கோவில்பட்டி டாரஸ்:

ரோட்டு முனையில் நிறுத்தினால் டீசல் உறிஞ்சிவிடுவான்கள் அண்ணே. கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும், டேங்க் காலியாகும். ஒரு ஆள் வேண்டும். ராத்திரிக்கு ஒரு வாட்ச்மேன் போடுங்கள், நிறுத்துகிற வண்டிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளுங்கள், தருவோம். எண்ணெய் நிறுவனங்கள் சில பெட்ரோல் பங்குகளில் 'அப்னா கர்' என்று டிரைவர்களுக்குக் கட்டில் போட்ட அறை வைத்திருக்கிறார்கள். அங்கேயும் முதலில் கேட்கிற கேள்வி, வண்டிக்குக் காவல் உண்டா என்பதுதான். கட்டில் இருந்தும் கேபினிலேயே படுக்கிறோம், ஏன் என்று உங்களுக்குத் தெரியாததா?

அரைக் கட்டணம் வேண்டாம். முழுக் கட்டணம் வாங்குங்கள், சுடுதண்ணீர் கொடுங்கள்.

டெக்சாஸ் நெல்லைக்காரன்:

சுடுதண்ணீர் விஷயத்தில் தம்பி சொல்வது சரி. இங்கேயும் டிரைவர்கள் காசு கொடுத்துக் குளிக்கிறார்கள். விறகு பாய்லர் ஒன்று போதும், மர மில் பக்கத்தில் இருக்கிறதே, கழிவு மரம் மலிவாகக் கிடைக்கும்.

பன்னிரண்டு சக்கரம்:

பாய்லர் யோசனை நோட்டில் ஏறிவிட்டது. வாட்ச்மேனுக்கு என் சித்தப்பா ஒருவர் இருக்கிறார், ராத்திரி எப்படியும் தூங்க மாட்டார். அடுத்த வாரம் லோடு முடிந்ததும் தென்காசி போய் ஹாக்கா பட்டியலில் ஊர் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருந்தால் கட்டட வேலை நின்றுவிடும். கழிப்பறைக்கு அனுமதி வாங்குவது எப்படி என்று ஐயாவிடம் மறுபடி வருவேன். இல்லை என்றால் இந்தக் கார்த்திகைக்குள் குளியல், கழிப்பறை, தொட்டி மட்டும் முடித்துப் பார்க்கிறோம். கேரவன் கம்பம் அடுத்த சாரலுக்கு. தை முடிகிற வரைக்கும் லாரியை விடவில்லை. அதற்கு மட்டும் வீட்டில் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

குருசாமி, பாளையங்கோட்டை:

எங்கள் குழு கார்த்திகை மூன்றாவது சனிக்கிழமை கிளம்பும், இரண்டு பஸ். வேலை முடிந்தால் உங்கள் இடத்தில்தான் முதல் பொங்கல். ஐப்பசி கார்த்திகை அடைமழைக் காலம், சமையல் கூரையை மட்டும் ஓலையில் போடாமல் தகரத்தில் போடுங்கள். அடுப்புக்குக் காற்று அடிக்காமல் ஒரு தடுப்பு.

பன்னிரண்டு சக்கரம்:

தகரமே போட்டுவிடுகிறேன் சாமி. ரேட்டு மட்டும் இப்போதே பேசிக்கொள்வோம். வந்து இறங்கின பிறகு "சாமிமார்கிட்டயா காசு கேட்க"ன்னு என் வீட்டுக்காரி விட்டுக்கொடுத்துருவா.

கடையம் அக்கா:

விட்டுக்கொடுக்க மாட்டா. பீடிக் கணக்குப் பார்த்தவ. நீங்க உங்க கணக்கைப் பாருங்க.